கொஞ்சக் காசில் நல்ல வைன்: பெயர் பெற்ற ஊருக்குப் பக்கத்து ஊரைத் தேடுங்கள்

ஒவ்வொரு வருடமும் ஏப்ரலில், திருகோணமலைக் கடல் அமைதியாகி வெளிநாட்டுக்காரர் வரத் தொடங்கும்போது, உப்புவெளியில் நான் வேலை செய்யும் விடுதிக்குப் புதிதாக இரண்டு மூன்று பிள்ளைகள் வேலைக்கு வருவார்கள். மேசை விரிப்பதும் தட்டு ஏந்துவதும் ஒரு கிழமையில் பழகிவிடும். வைன் பட்டியலைக் கையில் கொடுத்தால்தான் முகம் மாறும். போன வருடம் தம்பலகாமத்திலிருந்து வந்த ஒரு தம்பி இரண்டு போத்தல்களைத் தூக்கிக்கொண்டு வந்து, "அண்ணா, இதில எது நல்லது? விலை கூடினதைத்தானே நல்லதெண்டு சொல்லோணும்?" என்று கேட்டான்.

சாப்பாட்டு மண்டபத்தில் ஆள் நிறைந்திருந்த நேரம். "பிறகு சொல்லுறன்" என்றேன். பிறகு சொல்லத் தொடங்கியது பல இரவுகள் நீண்டது. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். விலையைப் பார்த்து வைன் வாங்குபவர் பெரும்பாலும் ஏமாறுகிறார். ஊரைப் பார்த்து வாங்கப் பழகினால் சாதாரண காசிலேயே நல்ல வைன் கிடைக்கும்.

குடிக்காதவரைக் குடிக்க வைக்க இதை எழுதவில்லை. நம் நாட்டில் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கவே கூடாது. விடுதி வேலைக்குப் போகும் பிள்ளைகள், நத்தாருக்கு ஒரு கிளாஸ் எடுப்பவர்கள், பாரிசிலிருந்தோ டொரொன்டோவிலிருந்தோ வரும் மச்சானிடம் என்ன வாங்கி வரச் சொல்வது என்று தெரியாமல் இருப்பவர்கள், இவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

கள்ளின் உறவுக்காரன்

நம் பக்கத்தில் 'வைன் ஸ்டோர்ஸ்' என்று பலகை போட்ட கடைக்குள் போனால் முன்னுக்கு நிற்பது சாராயமும் பியரும். வைன் ஒரு மூலைத் தட்டில் இருக்கும். அதனாலோ என்னவோ, வைனும் சாராயத்தில் ஒரு வகை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது கள்ளுக்குத்தான் சொந்தம். பனையிலும் தென்னையிலும் இறக்கும் சாறு புளித்துக் கள்ளாவது போல, திராட்சைச் சாறு புளித்து வைன் ஆகிறது. சாற்றில் உள்ள சீனியை ஈஸ்ட் தின்று அற்ககோலாக மாற்றுகிறது. கள்ளை வடித்தால் சாராயம், வைனை வடித்தால் பிராந்தி. சாதாரண வைனில் அற்ககோல் 12 முதல் 14 சதவீதம் வரை இருக்கும்.

கறுப்புத் திராட்சையை உரித்துப் பாருங்கள், உள்ளே சதை வெளுப்பாகத்தான் இருக்கும். நிறம் தோலில் இருக்கிறது. தோலோடு புளிக்க விட்டால் சிவப்பு வைன். பிழிந்து தோலை நீக்கிவிட்டுப் புளிக்க விட்டால் வெள்ளை. சில மணி நேரம் மட்டும் தோலோடு வைத்து எடுத்தால் ரோஸே.

சுவையைப் புரிந்துகொள்ள வைன் வாங்கவே தேவையில்லை, தேயிலை போதும். ஒரு கோப்பை கொதிநீரில் தேயிலையைப் போட்டுப் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். பாலும் சீனியும் இல்லாமல் ஒரு வாய் குடியுங்கள். நாக்கின் ஓரமும் கன்னத்தின் உட்புறமும் இழுத்துப் பிடிக்கும். நாவற்பழம் தின்றால் வரும் அதே துவர்ப்பு. சிவப்பு வைனில் அந்த வேலையைச் செய்வது டானின். இனி அதே தேத்தண்ணிக்குள் பாதித் தேசிக்காயைப் பிழிந்து குடியுங்கள், வாய் ஊறும். அது புளிப்பு. கடைசியாக ஒரு கரண்டி சீனி போடுங்கள். துவர்ப்பும் புளிப்பும் அங்கேயே இருக்கும், ஆனால் இரண்டும் அடங்கிப் போகும். வைனில் நாக்கு தேடுவது இந்த மூன்றையும், தொண்டையில் இறங்கும் அற்ககோலின் சூட்டையும்தான். சொதியில் உப்பும் புளியும் தேங்காய்ப்பாலும் ஒன்றையொன்று தாங்குவது போல இந்த நான்கும் ஒன்றையொன்று தாங்கினால் அது நல்ல வைன். எந்த விலையிலும் அது நடக்கலாம்.

ஒரு சொல் மட்டும் இங்கே தெரிந்திருக்க வேண்டும். 'டிரை' என்று எழுதியிருந்தால் சீனி கிட்டத்தட்ட முழுதும் புளித்துத் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். பழ வாசனை தூக்கலாக வருவதால் இனிப்பு என்று மயங்குவோம். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு வாய் குடித்துப் பார்த்தால் உண்மை தெரியும்.

எதற்குக் காசு கொடுக்கிறோம்

நிலத்தின் விலை, கையால் ஆய்கிறார்களா இயந்திரம் ஆய்கிறதா, எத்தனை வருடம் வைத்திருந்து விற்கிறார்கள், இவையெல்லாம் ஒரு போத்தலின் விலைக்குள் இருக்கின்றன. சில வைனை வைத்துப் பழக்கும் ஓக் மரப் பீப்பாய் வழக்கமாக 225 லீட்டர் கொள்ளும். அதில் வருவது 300 போத்தல்கள்தான், பீப்பாயின் விலையோ பெரிது. இதோடு கண்ணாடிப் போத்தல், தக்கை, கப்பல் கூலி, நம் நாட்டின் பெரிய வரி, கடைக்காரரின் பங்கு. கடைசியாக, பெயர்.

பெயரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் என்று எழுதி வைத்த கூடைக்கு ஒரு விலை. அதே இனத்து மரம் நிலாவெளியில் ஒரு வளவுக்குள் காய்த்தால் அந்தப் பழத்துக்கு வேறு விலை. காம்புப் பக்கத்தை மணந்து பார்க்காமல் பெயரைக் கேட்டே வாங்குபவர்தான் கூடக் கொடுக்கிறார். வைனிலும் அப்படியே. பிரான்சின் போர்தோவில் 1855ஆம் ஆண்டு தோட்டங்களை ஐந்து தரமாகப் பிரித்து ஒரு பட்டியல் போட்டார்கள். 1973இல் ஒரு தோட்டத்தை முதல் தரத்துக்கு உயர்த்தினார்கள். மற்றபடி அந்தப் பட்டியல் இன்றும் கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது, விலையும் அதன்படியே போகிறது. அந்தத் தோட்டங்கள் நல்ல வைன் செய்கின்றன, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் புதன்கிழமை இரவு மீன்பொரியலோடு குடிப்பதற்கு அவை தேவையில்லை.

கடையில் ஆகக் குறைந்த விலைப் போத்தலையும் நான் எடுக்கச் சொல்ல மாட்டேன். மலிவான வைனானாலும் விலை கூடிய வைனானாலும் கண்ணாடிக்கும் கப்பலுக்கும் ஆகும் செலவு கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆகக் கீழே உள்ள போத்தலில் அந்தச் செலவெல்லாம் போக, உள்ளே இருக்கும் வைனுக்கு மிஞ்சும் காசு மிகக் கொஞ்சம். அதற்கு ஒன்றிரண்டு படி மேலே போனால், கூடக் கொடுக்கும் காசில் நல்ல பங்கு வைனுக்கே போகிறது. இன்னும் மேலே போகப் போக, காசு பெயருக்குப் போகத் தொடங்குகிறது. நமக்கு வேண்டியது அந்த இரண்டாம் மூன்றாம் படி.

லேபிளில் ஊரைப் படிப்பது

ஆஸ்திரேலியா, சிலி, தென்னாபிரிக்கா போன்ற இடங்களில் லேபிளில் திராட்சையின் பெயர் பெரிதாக இருக்கும். ஷிராஸ், மெர்லோ, ஷெனின் பிளான் என்று. பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயினில் பெரும்பாலும் ஊர்ப் பெயர்தான் முன்னுக்கு வரும். எந்தத் திராட்சை என்பது ஊர்க்காரருக்குத் தெரியும் என்று விட்டுவிடுவார்கள். ரியோகா என்றால் பெரும்பாலும் தெம்பிரானியோ, கியாந்தி என்றால் சாஞ்சோவேசே, ஷப்லி என்றால் ஷார்தொனே. இப்படி ஒரு பத்து ஊரைக் கொப்பியில் எழுதி வைத்தால் பட்டியலில் பாதி விளங்கிவிடும்.

அப்புறம், ஊரின் அளவு. 'சவுத் ஈஸ்டர்ன் ஆஸ்திரேலியா' என்று எழுதியிருந்தால், பல மாநிலங்களுக்குப் பரந்த பெரிய நிலப்பரப்பில் எங்கிருந்தும் திராட்சை வந்திருக்கலாம். 'கிளேர் வேலி' என்று எழுதியிருந்தால் ஒரே பள்ளத்தாக்கு. விலை கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் சின்ன இடத்தின் பெயர் போட்டதை எடுங்கள். ஒரு சின்ன இடத்தின் பெயரைத் துணிந்து போடுகிறவர் அந்தப் பெயரைக் காப்பாற்றப் பார்ப்பார்.

ஊர் ஊராக

என் மனதில் முதல் இடம் ஸ்பெயினுக்கு. ரியோகா எல்லோருக்கும் தெரிந்த பெயர், அங்கேயே 'கிரியான்சா' என்று எழுதிய போத்தல் நல்ல விலைக்கு வரும். அந்தச் சொல்லைப் போட வேண்டுமானால் சிவப்பு வைனை இரண்டு வருடமாவது வைத்திருக்க வேண்டும், அதில் ஒரு வருடம் ஓக் பீப்பாயில். வைத்திருந்த கூலியை அவர்களே சுமந்து நமக்குத் தருகிறார்கள். ஆனால் அதைவிட நான் விரும்புவது ரியோகாவுக்குத் தென்கிழக்கே அரகோன் பகுதியில் உள்ள கம்போ தே போர்காவும் கலதாயுதும். அங்கே கர்னாச்சா என்ற திராட்சை. பழைய கொடிகள் நிறைய உண்டு. கொடி கிழடாகும்போது காய் குறையும், காய்த்தது திரண்டு வரும். இதே திராட்சையைப் பிரான்சில் கிரெனாஷ் என்பார்கள். இன்னும் தெற்கே, வெயில் காயும் ஹுமியாவில் மொனாஸ்ட்ரெல் விளைகிறது. கறுத்து, தடித்து, ஆட்டிறைச்சிக் கறிக்கு நின்று பிடிக்கும் வைன். பொங்கும் வைன் வேண்டுமானால் காவா. ஷாம்பெயின் போலவே போத்தலுக்குள் இரண்டாம் முறை புளிக்க வைத்து, குறைந்தது ஒன்பது மாதம் வைத்திருந்துதான் விற்பார்கள். விலை மட்டும் ஷாம்பெயினுக்கு வெகு கீழே.

பிரான்சில் தெற்கே போங்கள். லாங்கடோக்கில் பெரிய பெயர் இல்லாத நல்ல தோட்டங்கள் நிறைய. ரோன் நதிக்கரையில் 'கோத் து ரோன்' என்பதோடு 'வில்லாஜ்' என்ற சொல்லும் சேர்ந்து வந்தால் விதிகள் இன்னும் கொஞ்சம் இறுக்கம், விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. பாரிசின் லா ஷப்பலில் மரக்கறி வாங்கப் போகும் நம் சனம் அப்படியே பக்கத்து சுப்பர்மார்க்கெட்டில் இதைத் தேடலாம். அதைவிட எனக்குப் பிடித்தது பிக்பூல் தெ பினே என்ற வெள்ளை. தோ என்ற கடலேரிக் கரையில் விளைகிறது. அந்த ஏரியில் சிப்பி வளர்க்கிறார்கள், சிப்பி தின்பவர்கள் இதைத்தான் குடிக்கிறார்கள். கடலோரத்தில் பிறந்து மீனோடு வளர்ந்த வைன் நம் ஊர்ச் சாப்பாட்டுக்குப் பொருந்தாமல் போகுமா?

போர்த்துக்கலின் வடமேற்கில் வின்யோ வேர்தே. 'பச்சை வைன்' என்று அர்த்தம், இளசாகவே குடிப்பது என்பதைக் குறிக்கிறது. அற்ககோல் குறைவு, பல போத்தல்களில் நாக்கில் குத்தும் சின்னப் பொங்கலும் இருக்கும். கச்சான் காற்று அடிக்கும் மத்தியானத்தில், சூடைமீன் பொரியலோடு, நன்றாகக் குளிர்ந்த வின்யோ வேர்தே. இதற்கு மேல் ஒரு வெள்ளை வைனிடம் நான் கேட்பதற்கு எதுவும் இல்லை.

சிலிக்கு ஒரு நல்ல கதை உண்டு. கார்மெனேர் என்பது போர்தோவின் பழைய திராட்சை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேரைத் தின்னும் பிலொக்செரா என்ற பூச்சி ஐரோப்பாவின் தோட்டங்களை அழித்தபோது அது அங்கே கிட்டத்தட்ட இல்லாமலே போனது. ஆனால் அதற்கு முன்பே கொடிகள் சிலிக்குப் போயிருந்தன. அங்கே அதை மெர்லோ என்று நினைத்தே வளர்த்தார்கள். 1994இல் ஜான்-மிஷெல் பூர்சிக்கோ என்ற பிரெஞ்சு ஆய்வாளர் ஒரு தோட்டத்தில் கொடியைப் பார்த்து, இது கார்மெனேர் என்று அடையாளம் சொன்னார். பச்சைக் கறிமிளகாயின் மெல்லிய வாசனை வரும் சிவப்பு. கொல்சாகுவா, மைபோ என்ற பள்ளத்தாக்குப் பெயர்களைப் பாருங்கள். ஆர்ஜென்டினாவில் மென்டோசாவின் மால்பெக். அந்தீஸ் மலைப் பனி உருகி வரும் தண்ணீரில், உயரமான நிலத்தில் விளைவது. துவர்ப்பு மென்மையாக இருப்பதால் முதல்முறை சிவப்பு குடிப்பவருக்கு இதைத்தான் ஊற்றுவேன்.

தென்னாபிரிக்காவும் நமக்கு ஒரு வகையில் அயல். நம் ஊரை 1639இல் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த அதே ஒல்லாந்தக் கம்பனிதான் 1652இல் கேப் முனையில் கப்பல்களுக்குத் தங்குமிடம் அமைத்தது. அங்கே பொறுப்பாக இருந்த யான் வான் ரீபெக் 1659 பெப்ரவரி 2ஆம் திகதி, கேப் திராட்சையில் முதல்முறை வைன் பிழிந்ததாகத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். பிரெட்ரிக் கோட்டை வாசலைக் கடந்து கோணேசர் கோவிலுக்குப் போகும்போது எனக்கு அது நினைவுக்கு வரும். அங்கே இன்று அதிகம் விளைவது ஷெனின் பிளான். புளிப்பும் பழமும் சரிசமம், தேங்காய்ப்பால் சேர்ந்த மீன் சொதிக்குப் பொருத்தம். கடையில் வெள்ளை ஒன்றுதான் வாங்கலாம் என்றால் இதை எடுங்கள்.

இத்தாலியில் ஒரு குழப்பத்தை மட்டும் தீர்த்து வைக்கிறேன். மொந்தேபுல்சியானோ என்பது ஒரு திராட்சை, அதே பெயரில் தொஸ்கானாவில் ஒரு ஊரும் உண்டு. 'மொந்தேபுல்சியானோ த'அப்ரூட்சோ' என்றால் அப்ரூட்சோவில் விளைந்த அந்தத் திராட்சை, அன்றாடத்துக்கு நல்லது. 'வினோ நோபிலே' என்று தொடங்கினால் அந்த ஊரின் வைன், திராட்சை வேறு, விலையும் வேறு. சிசிலியின் நேரோ த'ஆவொலாவும் நல்ல காசுக்கு வரும். ஜெர்மனியில் இருப்பவர்கள் ரைன்ஹெசனிலும் பால்ஸிலும் ஒரு லீட்டர் போத்தலில் வரும் ரீஸ்லிங்கைத் தேடலாம். ஊர்க்காரர் தினமும் குடிப்பது அது. அதே நாட்டின் மோசல் பகுதியில் வரும் 'கபினெட்' என்ற இலேசான வகை பற்றிக் கீழே சொல்கிறேன்.

நம் வெயில்

எத்தனை ஊரைத் தெரிந்து வைத்திருந்தாலும், திருகோணமலையில் வைனைக் கெடுப்பது சூடு. சில வருடங்களுக்கு முன் கொழும்பிலிருந்து வந்த ஒரு பெட்டி, இறக்கியவர்கள் கவனிக்காமல் ஒரு பகல் முழுதும் முற்றத்தில் கிடந்தது. மாலையில் ஒரு போத்தலைத் திறக்கப் போனேன். மேல் உறை ஒட்டிக்கொண்டு திரும்பவில்லை. அதை வெட்டி எடுத்தால், தக்கை போத்தல் வாயிலிருந்து நக அளவு மேலே தள்ளிக்கொண்டு நின்றது. கழுத்து நீளத்துக்குக் காய்ந்து பிசுபிசுத்த ஒரு கோடு. ஊற்றினேன். சிவப்பில் செங்கல் நிறம் ஏறியிருந்தது, வாசனை அடிப்பிடித்த ஜாம் போல. நல்ல தோட்டத்து வைன் அது. பன்னிரண்டு போத்தலில் இரண்டுதான் தேறியது.

அதனால் கடையில் வெயில் படும் கண்ணாடி ஓரத்துப் போத்தலை எடுக்காதீர்கள். தக்கை எழும்பியிருந்தாலும், உறையின் கீழ் கசிந்திருந்தாலும், வெள்ளை வைன் மஞ்சள் முற்றித் தேன் நிறமாகியிருந்தாலும் விட்டுவிடுங்கள். அன்றாட வெள்ளையில் ஆகப் புதிய வருடத்தைப் பாருங்கள், அவை வைத்திருந்து குடிக்கச் செய்தவை அல்ல. திருகு மூடியைக் கண்டு மலிவுச் சரக்கு என்று ஒதுக்க வேண்டாம். கிளேர் வேலியின் ரீஸ்லிங் தயாரிப்பாளர்கள் பலர் 2000இல் தாங்களாகவே ஒன்றுகூடித் தக்கையை விட்டு அதற்கு மாறினார்கள். நனைந்த அட்டைப்பெட்டி போல நாறவைக்கும் தக்கைக் கோளாறு அதில் கிட்டத்தட்ட இல்லை.

'சிவப்பை அறைச் சூட்டில் பரிமாறு' என்று சொல்லிக்கொடுப்பார்கள். அந்த அறை ஐரோப்பாவின் கல்வீட்டு அறை, 16 முதல் 18 பாகை. நம் அறை 30க்கு மேல். சிவப்பையும் பிரிட்ஜில் அரை மணி நேரம் வைத்து எடுங்கள், அற்ககோலின் எரிவு அடங்கிப் பழம் மேலே வரும். வெள்ளையை அவசரமாகக் குளிர வைக்க வாளியில் ஐஸ் மட்டும் போட்டால் போதாது. பாதிக்குத் தண்ணீரும் ஊற்றிப் போத்தலைக் கழுத்துவரை இறக்குங்கள். ஐஸ் கட்டிகளுக்கு நடுவே காற்று இருக்கும், தண்ணீர்தான் போத்தலை முழுதாகத் தொடும். இருபது நிமிடத்தில் குடிக்கலாம்.

உறைப்புக்கு எது

நண்டுக்கறிக்கு எல்லோரும் சிவப்பை எடுக்கிறார்கள். மிளகாயின் எரிவை அற்ககோல் தூண்டும், டானின் இன்னும் கூட்டும். 14 சதவீதச் சிவப்பும் உறைப்பான நண்டும் சேர்ந்தால் வாய்க்குள் இரண்டு நெருப்பு. அங்கேதான் மோசல் கபினெட் ரீஸ்லிங். அற்ககோல் பெரும்பாலும் 8 முதல் 10 சதவீதம், மெல்லிய இனிப்பு, தேசிக்காய்ப் புளிப்பு. அந்தத் தம்பிக்கு இதை நம்ப வைக்க, ஊழியர் சாப்பாட்டில் நண்டு வைத்த ஒரு நாள் இரண்டு கிளாஸில் இரண்டையும் ஒவ்வொரு வாய் ஊற்றிக் கொடுத்தேன். சிவப்பைக் குடித்துவிட்டுத் தண்ணீரைத் தேடினான். ரீஸ்லிங்கைக் குடித்துவிட்டு இன்னொரு நண்டுக் காலை எடுத்தான். பொரித்த கணவாய்க்கும் தேசிக்காய் பிழிந்த வாட்டின இறாலுக்கும் புளிப்புத் தூக்கலான எந்த வெள்ளையும் சரி.

ஒரு போத்தலில் 750 மில்லிலீட்டர், ஐந்து கிளாஸ் வரும். ஒரே நாளில் தீர்க்க வேண்டியதில்லை. மூடி, நிற்க வைத்து, சிவப்பானாலும் பிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். தினம் ஒரு கிளாஸ் மட்டும் எடுப்பவருக்கு, 1965இல் ஆஸ்திரேலியாவில் வந்த பெட்டி வைன் நல்லது. வைன் குறையக் குறைய உள்ளிருக்கும் பையும் சுருங்குவதால் காற்று போகாது, திறந்து நாலு கிழமையானாலும் குடிக்கலாம். போத்தலில் மூன்றாம் நாளும் மிஞ்சியது சிவப்பானால் ஆட்டிறைச்சிக் கறி கொதிக்கும்போது அரைக் கிளாஸ் ஊற்றுங்கள், வெள்ளையானால் இறால் வதக்கும் சட்டியில்.